தோளுக்குப் பின்னால் வீசிய கை

போஞ்சி உடைக்கும் சத்தம். நுனியைக் கிள்ளும்போது எழும் அந்தச் சின்ன முறிவு. கொழும்பில் மூன்றாம் மாடியில், ஒருத்திக்கு மட்டும் போதுமான கறிக்காகப் போஞ்சி உடைத்துக்கொண்டிருக்கிறேன். விரல்களோ என்னைக் கேட்காமல் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்துக்குப் போய்விடுகின்றன. கொழுந்தும் இப்படித்தான் முறியும்.

அப்போது எனக்குப் பத்து வயது, தம்பிக்குப் பதினொரு மாதம். அம்மா விடியலில் வேலைக்குப் பேர் கொடுக்கப் பெரட்டுக்குப் போனதும் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு பிள்ளைக்காம்பராவுக்குப் போவேன். எனக்குப் பள்ளிக்கூடம் அவனுக்குச் சளி இல்லாத நாட்களில் மட்டும். ஆயாவுக்கு அங்கே பார்த்துக்கொள்ளப் பதினேழு பிள்ளைகள். எனக்கு அவன் ஒருவன்தான்.

பேச ஆளில்லாதவளுக்குப் பேச்சு வராதவன் துணை. கையால் பேசினோம். உள்ளங்கையை மூடித் திறந்தால் பால். கட்டைவிரல் உதட்டில் பட்டால் தண்ணீர். விரல்களை உதிர்த்தால் மழை.

அம்மாவுக்கும் ஒரு சைகை வைத்தேன். காம்பரா வாசலில் நின்றால் எதிர்ச்சரிவில் கொழுந்தெடுக்கிறவர்கள் தெரிவார்கள். முகம் தெரியாது, கை தெரியும். கிள்ளும், நிறையும், தோளுக்குப் பின்னால் கூடைக்குள் வீசும். அதைக் காட்டிக் காட்டி அம்மா, அம்மா என்றேன். ஒருநாள் அவனும் தன் குட்டிக் கையைத் தோளுக்குமேல் வீசினான். ஆயா சிரித்தாள்.

"இவனுக்கு இப்பவே தோட்டத்துல பேர் பதிஞ்சிரலாம்டி."

அம்மா இல்லாதபோதுதான் அந்தச் சைகைக்கு வேலை. மத்தியானம் கூடையை இறக்கிவிட்டுப் பால் கொடுக்க வருவாள். வந்தவளை எதற்குக் கூப்பிடுவது? அதனால் அவள் அதைப் பார்த்ததே இல்லை. நானும் சொல்லவில்லை. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

பிறகு அம்மா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போவதென்று முடிவானது. நாங்கள் குடியிருந்த லயத்து அறைச் சுவரின் ஈரம் தம்பியின் நெஞ்சில் இறங்கியிருந்தது. ஈரமில்லாத ஒரு வீடு வேண்டும். ஏற்கனவே ஒருமுறை புறப்பட்டு, தம்பி அழுததும் பையை இறக்கிவைத்தவள். இந்தத் தடவை அப்பா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, அவளை அழவைத்துவிடாதே, அழுதால் போகமாட்டாள், வீடும் வராது என்றார். பெரிய மனுஷியாகத் தலையாட்டினேன்.

மலைப்பாதை முடக்கில் பஸ் நின்றது. புதுச் செருப்பு பழகாமல் அம்மா தடுமாறி ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அதுவரை தம்பி சும்மாதான் இருந்தான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவள் போனதும் கையைத் தூக்கித் தோளுக்குப் பின்னால் வீசினான். மறுபடியும். மறுபடியும்.

இரண்டு வருடம் என்று போனவள் ஆறு வருடம் கழித்து வந்தாள். வீடு வந்தது. அதன் வாசலில் நின்றவளைத் தம்பி, யாரோ விருந்தாளியைப் போல, "வாங்க" என்றான். அந்தக் கையசைப்பு அவனுக்கு நினைவிலேயே இல்லை. ஒரு பிள்ளை அம்மாவுக்கென்று வைத்திருந்த ஒரே சொல்லை நான் விழுங்கப் போகிறேன் என்பது அந்த முடக்கில் எனக்குத் தெரியாது. அப்பாவுக்குத் தலையாட்டியது மட்டும்தான் தெரியும்.

அம்மா பஸ் ஜன்னல் கண்ணாடியை நகர்த்திக் குனிந்தாள்.

"என்னடி சொல்றான் தம்பி?"

"போயிட்டு வரச் சொல்றான்மா."