அவன் எனக்குக் கொடுத்த நாடு

இந்தியாவில் எனக்கென்று யாரும் கிடையாது. நான் பிறந்தது இங்கே, வளர்ந்தது புக்கிட் மேராவில். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு முறை மனைவியோடு போய் நாலு கோயிலைச் சுற்றிப் பார்த்துவிட்டு வயிற்றுப்போக்கோடு திரும்பி வந்தேன். எனக்கும் அந்த நாட்டுக்கும் உள்ள சம்பந்தம் அவ்வளவுதான். ஆனால் என் லாரியின் முன் சீட்டில் உட்கார்ந்து வரும் பங்களாதேஷ் தம்பி, இந்தியாவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "உன் நாடு" என்றுதான் சொல்வான். முதலில் திருத்திப் பார்த்தேன். அப்புறம் விட்டுவிட்டேன்.

பழைய அடுக்குமாடி வீடுகளைப் பழுதுபார்க்கும் ஒரு சின்னக் கம்பெனியில் நான் லாரி ஓட்டுகிறேன். காலையில் செம்பவாங் பக்கம் இருக்கும் விடுதிக்குப் போய் ஆட்களை ஏற்றிக்கொண்டு, அன்றைக்கு எந்தப் புளோக்கில் வேலையோ அங்கே இறக்கிவிட வேண்டும். பெயிண்ட் அடிப்பவர்கள், காரை பூசுபவர்கள். பாதிப் பேர் தமிழ்நாட்டுக்காரர்கள், பாதிப் பேர் பங்களாதேஷ்காரர்கள். அந்தத் தம்பி அவர்களில் பழைய ஆள். அதனால் முன் சீட்டு அவனுக்கு.

அவன் தமிழ் பேசுவான். வந்த புதிதில் ஒரு தமிழ் மேஸ்திரியிடம் வேலை செய்து கற்றுக்கொண்டது. மேஸ்திரி அவனிடம் பேசியதெல்லாம் தூக்கு, இறக்கு, கலக்கு, சீக்கிரம் வா. அதையே அவன் எல்லாரிடமும் பேசுவான். என்னையும் "அண்ணே, நீ சாப்பிடு" என்பான். தப்பாக எடுத்துக்கொள்ள முடியாத முகம் அவனுக்கு.

அந்தத் தமிழை நம்பித்தான் மகளைச் சென்னைக்குக் கொண்டு போனான். பிறந்ததிலிருந்தே இருதயத்தில் கோளாறு. அவர்கள் ஊரில் பலரும் கல்கத்தாவுக்குப் போவார்கள். அங்கே அவனுடைய மொழியே பேசுவார்கள். இருந்தாலும் யாரோ சென்னை நல்லது என்று சொல்ல, எனக்குத்தான் தமிழ் தெரியுமே என்று கிளம்பிவிட்டான். பெரிய டாக்டரைப் பார்த்ததும், "டாக்டர், இங்க வா, பிள்ளையைப் பாரு" என்றானாம். டாக்டர் சிரித்துவிட்டு, "எந்த மேஸ்திரிப்பா உனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தது?" என்று கேட்டாராம். இதை அவன் என்னிடம் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். ஒவ்வொரு தடவையும் டாக்டர் மாதிரியே சிரித்துக் காட்டுவான்.

அப்போது பிள்ளைக்கு இரண்டு வயது. உள்ளே ஒரு சின்னக் குழாய் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். பிள்ளை வளர வளர அந்தக் குழாய் பத்தாமல் போகும், ஆறு ஏழு வயதுக்குள் கொண்டு வந்து பெரிதாக மாற்றிவிட வேண்டும் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். அதனால் பிள்ளை வளர்ந்தால் அவனுக்குப் பயம். ஊரிலிருந்து போட்டோ வந்தால் முகத்தைப் பார்க்க மாட்டான். கவுனுக்குக் கீழே கால் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்பான்.

அந்த ஆறாவது வயதும் வந்தது. அதே சமயம் அவன் நாட்டுக்கும் இந்தியாவுக்கும் பேச்சு சரியில்லாமல் போனது. அவன் நாட்டில் ஆட்சி மாறியது. இவர்கள் அவர்களுடைய தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள், அவர்கள் இவர்களுடைய தூதரைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். எல்லையில் வேலி போடுவதில் தகராறு, துப்பாக்கிச் சூடு. இந்தியா விசா கொடுப்பதைச் சுருக்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்களுக்குக் கூட ஏதோ கொஞ்சம் பேருக்குத்தான் என்றார்கள்.

லாரியில் அது முதலில் வேடிக்கையாகத்தான் இருந்தது. பின்னால் உட்கார்ந்து வரும் புதுக்கோட்டைக்காரர் ஒருவர் இருக்கிறார், வாயாடி. டீக்கு நிறுத்திய இடத்தில் ஆரம்பிப்பார்.

"எங்க வெங்காயத்த நிறுத்திட்டா, நீங்க அழுறதுக்குக் கூட வழி இல்ல பாத்துக்க."

"எங்க இலிஷ் மீன் வரலன்னா உன் நாடு அழும்" என்பான் தம்பி.

"நான் புதுக்கோட்டைலா! உன் இலிஷ் மீன வச்சு நான் என்ன பண்ண? எனக்கு நெத்திலி போதும்."

எல்லாரும் சிரிப்பார்கள். தம்பியும் சிரிப்பான். நான் மட்டும் யார் முகமாவது மாறுகிறதா என்று பார்த்துக்கொண்டிருப்பேன். நான் அப்படிப்பட்ட ஆள். லாரியைப் பூட்டிவிட்டுப் பாதி தூரம் வந்த பிறகு திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். செகண்டரி டூவோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், செய்தி படிக்கும் பழக்கமெல்லாம் கிடையாது. இப்போது கோப்பிக் கடையில் உட்கார்ந்தாலும் போனில் அந்த இரண்டு நாட்டுச் செய்தியைத் தேடினேன். ஒரு நாள் இரண்டு மந்திரிகள் எங்கோ கைகுலுக்கினார்கள் என்று படித்துவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். மறுநாள் மறுபடி கண்டனம்.

"என்னங்க, உங்க பாஸ்போர்ட் என்ன கலரு?" என்று மனைவி கேட்டாள்.

"செவப்பு."

"அப்பறம் எதுக்கு யாரோ ரெண்டு பேரு சண்டைக்கு நீங்க சாப்பிடாம கெடக்குறீங்க? பிரஷர் மாத்திரையாவது போட்டீங்களா?"

போட்டிருக்கவில்லை.

ஒரு நாள் தம்பி கேட்டான். "அண்ணே, எனக்குத் தமிழ் சொல்லிக் குடு."

"உனக்குத்தான் தெரியுமே."

"எனக்கு மேஸ்திரி தமிழ். பிள்ளைக்கு நல்ல தமிழ் வேணும்."

போன தடவை பிள்ளைக்குப் பேச்சே வராது, அழுதாள், அவ்வளவுதான். இந்தத் தடவை ஆபரேஷன் முடிந்து தனி வார்டில் போட்டுவிட்டால் அப்பா அம்மாவை உள்ளே விட மாட்டார்கள். வலித்தால் யாரிடம் சொல்வாள்? தண்ணீர் வேண்டுமென்றால் எப்படிக் கேட்பாள்? அவன் சொல்லிக் கொடுத்தால் நர்ஸைப் பார்த்து "ஏய், இங்க வா" என்பாள். "அடிப்பாங்க அண்ணே" என்றான். அதனால் நான் மரியாதையான தமிழில் போனில் பேசிப் பதிவு செய்து தர வேண்டும். அவன் அதை ஊருக்கு அனுப்புவான்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. வாத்தியார் வேலைக்கு என்னைப் போய் யாரும் கேட்டதில்லை. மற்றவர்களை இறக்கிவிட்ட பிறகு கார்ப்பார்க்கில் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பேசினேன். "அக்கா, வலிக்குது." "அக்கா, தண்ணி வேணும்." "இது என் கட்டில்." "பயமா இருக்கு, அம்மாவக் கூப்பிடுங்க." அந்தக் கடைசியை மட்டும் இரண்டு தடவை அழித்தேன். மூன்றாம் தடவைதான் சரியாக வந்தது. ஒவ்வொன்றுக்கும் அவன் தங்கள் மொழியில் அர்த்தம் சொல்லி அனுப்பினான்.

மறுநாள் பதில் வந்தது. கீச்சுக் குரலில், மூச்சு வாங்கி வாங்கி, "அக்கா... வலிக்கிது." அவள் என்னை மாமா என்று கூப்பிட்டாள். அம்மாவின் தம்பி அண்ணன் எல்லாம் அவர்கள் மொழியிலும் மாமாதானாம். அதிலிருந்து தினமும் காலையில் ஒரு வார்த்தையோ இரண்டு வார்த்தையோ அனுப்புவது வழக்கமாகிவிட்டது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தேக்கா கடைத்தெருவில் அவன் என்னைக் கட்டிப் பிடித்துவிட்டான். விசா வந்துவிட்டது! இங்கே வேலை செய்கிறவர்கள் இங்கிருந்தே கேட்கலாம் என்று சிராங்கூன் ரோடு பக்கத்து ஏஜென்ட் கடையில் சொல்லியிருக்கிறார்கள். விண்ணப்பம் கொடுத்திருக்கிறான், கிடைத்தும்விட்டது. லட்டு வாங்கிக்கொண்டு, கடைப் பெண்ணுக்குக் கொடுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போனான். எனக்கும் தலைகால் புரியவில்லை.

அந்தப் பெண் லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "டிக்கெட் எப்ப போடணும் அண்ணே?" என்று கேட்டாள்.

"பிள்ளை, பொண்டாட்டி, நான். மூணு பேர்."

"அவங்க விசா?"

"இதுதான். நான் அப்பா. அப்பா விசா இருக்கு."

அவள் என்னைப் பார்த்தாள். இவனுக்குப் புரியும்படி நீங்கள் சொல்லுங்களேன் என்கிற பார்வை. எனக்கே அப்போதுதான் புரிந்தது. அப்பாவுக்குக் கிடைத்தால் பிள்ளைக்கும் சேர்ந்துதான் என்று அவன் நினைத்திருந்தான். அவன் சொன்னதை நானும் நம்பியிருந்தேன்.

"இது இவருக்கு மட்டும்தாங்க. பாப்பாவுக்கும் அம்மாவுக்கும் அவங்க ஊர்லதான் போடணும். அங்கதான் இப்ப எடுக்கவே மாட்டேங்குறாங்களே."

"நோயாளி பிள்ளதானம்மா? இவன் மட்டும் போய் என்ன செய்றது?" என்றேன்.

"நான் வெறும் ஏஜென்ட்டுண்ணே." பாவம், அந்தப் பெண்ணுக்கும் அழுகை வரும் போல இருந்தது. கையில் லட்டு, கீழே வைப்பதா சாப்பிடுவதா என்று தெரியவில்லை. தம்பிதான், "சாப்பிடு, சாப்பிடு" என்றான்.

பிறகு அவன் மனைவி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆற்றில் லாஞ்ச் ஏறித் தலைநகருக்குப் போனாள். விசாவுக்கு எப்படியோ ஒரு தேதி வாங்கியிருந்தார்கள். போய்ச் சேர்ந்த அன்றைக்கு அந்தப் பக்கம் ஊர்வலம், கோஷம். விசா வாங்கும் இடத்தைச் சாத்திவிட்டார்கள். அவள் எடுத்த வீடியோவை லாரியில் காட்டினான். சாத்திய கேட், முன்னால் போலீஸ், ஓரத்தில் பெட்டியின் மேல் பிள்ளை உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்தது. பிள்ளை உதடு கொஞ்சம் நீலமாக எனக்குத் தெரிந்தது. போன் வெளிச்சமோ என்னவோ. நான் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அந்த வாரம்தான் புதுக்கோட்டைக்காரர் வாய் தவறியது. எங்கேயோ கொடியைக் காலால் மிதித்தார்களாம், அந்த வீடியோ எல்லார் போனிலும் ஓடிக்கொண்டிருந்தது.

"எங்க கொடிய மிதிப்பீங்க, அப்பறம் எங்ககிட்டயே வந்து விசாவும் கேப்பீங்களா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

தம்பி டீ கிளாஸைக் கீழே வைத்தான். "என் பிள்ளை மிதிக்கல" என்றான்.

புதுக்கோட்டைக்காரர் எழுந்து போய் லாரியில் ஏறிக்கொண்டார். அன்று சாயங்காலம் இறங்கும்போது தம்பியின் தோளில் கையை வைத்து, "எனக்கும் பொட்டப்புள்ளதாண்டா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் அவர் வெங்காயம், மீன் எதையும் பேசுவதில்லை. அவர் பேசிக்கொண்டிருந்தபோதே நன்றாக இருந்தது.

வேறு வழி தேடாமல் இல்லை. தலைநகரில் ஒரு ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். முதலில் தைத்தவர்களே திறப்பதுதான் நல்லது, முடியாவிட்டால் நாங்கள் பார்க்கிறோம், ஆனால் பெரிய வரிசை இருக்கிறது என்றார்கள். சைனாவில் நோயாளிகளை எடுத்துக்கொள்கிறார்கள் என்று யாரோ சொன்னார்கள். "அங்க நான் என்ன பேசுறது அண்ணே?" என்றான். அவன் சார்பில் நான் சென்னை டாக்டரிடம் பேசினேன். நல்ல மனிதர். எல்லாம் கேட்டுவிட்டு, "கொண்டு வந்தா பாத்துடலாங்க. கொண்டு வர்றதுக்கு நான் என்ன செய்ய முடியும், சொல்லுங்க" என்றார். என்னிடமே கேட்டார். சரிங்க டாக்டர் என்று போனை வைத்தேன்.

"அங்கயே வரிசைல போடவா, விசாவுக்குப் பாக்கவா? நீ சொல்லு அண்ணே" என்று லாரியில் கேட்டான் தம்பி.

எனக்கு என்ன தெரியும்? வரிசை என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால்? விசா என்று சொல்லி நாள் போய்விட்டால்? சிக்னல் பச்சையாகிப் பின்னால் ஹாரன் அடித்தார்கள். அந்தச் சாக்கில் வண்டியை எடுத்தேன். அவன் அப்புறம் வரிசையிலும் பெயரைக் கொடுத்தான், விசாவுக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டிலும் பதில் இல்லை. போன வாரம் ஒரு போட்டோ காட்டினான். பள்ளிக்கூடச் சட்டையில் பிள்ளை, கதவோரம் நிற்கிறது. சட்டைக் கை மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிட்டது.

"வளந்துட்டா" என்றான். காய்ச்சல் வந்துவிட்டது என்று சொல்லும் குரல்.

பிள்ளையிடம் இதுவரை ஒன்றும் சொல்லவில்லை. சென்னைக்குப் போகிறோம் என்றுதான் அது நினைத்துக்கொண்டிருக்கிறது. நான் அனுப்புவதை நிறுத்திவிடலாமா என்று கேட்டேன். வேண்டாம் அண்ணே, நிறுத்தினால் ஏன் என்று கேட்பாள் என்றான். ஆஸ்பத்திரி வார்த்தையெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது. இப்போது கைக்கு வந்ததை அனுப்புகிறேன். இன்னைக்கு மழை. பஸ் வருது. எனக்குத் தோசை புடிக்கும். அவளும் விடாமல் சொல்லி அனுப்புகிறாள். ஒரு வாக்கியத்துக்கு நடுவே முன்பு ஒரு முறை மூச்சு வாங்குவாள், இப்போது இரண்டு மூன்று முறை.

இன்று காலையில் வந்தது நான் சொல்லிக் கொடுத்ததே இல்லை. தெரிந்த வார்த்தைகளை அவளே கோத்திருக்கிறாள்.

"மாமா... என் கட்டில்... இருக்கா?"

எனக்கு விளங்கவில்லை. அப்போதுதான் தம்பி தயங்கித் தயங்கிச் சொன்னான். மாமா அந்த ஆஸ்பத்திரியிலிருந்துதான் பேசுகிறார், உனக்காகக் காத்துக்கொண்டிருக்கிறார் என்று பிள்ளையிடம் அம்மா சொல்லி வைத்திருக்கிறாளாம். ஆரம்பத்திலிருந்தே.

விடுதி வாசலில் நின்றிருந்தோம். ஆட்கள் பின்னால் ஏறிக்கொண்டிருந்தார்கள். போனை என்னிடம் நீட்டினான். பொத்தானை அழுத்தினேன், விட்டேன். மறுபடி அழுத்தினேன். "இருக்கும்மா" என்றேன். விரலை எடுத்தேன். போய்விட்டது.

அவன் போனை வாங்கி நான் சொன்னதை ஒரு தடவை போட்டுக் கேட்டான். திரும்பவும் போட்டான். பிறகு என் பக்கம் திரும்பி, "நிஜமாவா அண்ணே? டாக்டர் சொன்னானா?" என்று கேட்டான்.

இல்லை என்று தலையாட்டினேன். அவனும் தலையாட்டிக்கொண்டான். இந்நேரம் அங்கே பிள்ளை அதைக் கேட்டிருக்கும்.