ஒற்றைக் கோட்டு இசை

மாஸ்டரின் மேசையில் கிடந்த தாளில் ஒரேயொரு கோடுதான் இருந்தது. அதன்மேல் பெருக்கல் குறிகளும் கறுத்த முக்கோணங்களும் வரிசையாக நின்றன. மேற்கத்திய இசைக்கு ஐந்து கோடுகள் என்று நான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். "மிருதங்கத்துக்கு அஞ்சு கோடு என்னத்துக்கு, தங்கச்சி? நாலை எடுத்துப் போட்டன். பெருக்கல் வலது கை, முக்கோணம் இடது கை," என்றார். கனடாவிலுள்ள அவருடைய அக்காவுக்கு மேற்கத்தியக் குறியீடு மட்டுமே வாசிக்கத் தெரிந்த மாணவர்கள் இருந்தார்கள். அவர்களுக்காக எழுதிக்கொண்டிருந்தார்.

போர்க்காலம். விசாவுக்காக யாழ்ப்பாணத்திலிருந்து தலைநகருக்கு வந்து, வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் முன்னறையில் வாடகைக்கு இருந்தார். அவருடைய மென்பொருளில் இசையை வரைய முடியாது. எழுத்தும் எண்ணுமாக வரிவரியாகக் கட்டளைகளைத் தட்டச்சு செய்தால்தான் அது இசைத்தாளாக மாறும். கோட்டைக் குறைக்க ஒரு கட்டளை, முக்கோணத்துக்கு இன்னொன்று. திரையைப் பார்த்தால் யாருக்கோ போகும் இரகசியச் செய்தி போலவே இருக்கும். தேத்தண்ணி கொடுக்கிற சாட்டில் அம்மா எட்டிப் பார்ப்பார். "மிருதங்க மாஸ்டர் எண்டால் மிருதங்கம் எங்க?" என்று குசினியில் என்னிடம் கேட்பார். வரும் வழியில் சோதனைச்சாவடியில் அதன் தோலைக் கிழித்துவிட்டார்கள், அங்கேயே விட்டு வந்தேன் என்று மாஸ்டர் சொல்லியிருந்தார். அதை நம்புவதா என்று எனக்கும் தெரியவில்லை.

ஒரு காலையில் பொலிஸ் வந்தது. வேறெதையும் பார்க்காமல் நேரே முன்னறைக்குப் போனார்கள். "இசைக்கு ஐந்து கோடு. அது எனக்கும் தெரியும்," என்று சிங்களத்தில் சொன்ன அதிகாரி, தாள்களோடும் கணினியோடும் மாஸ்டரையும் கொண்டுபோனார்.

என் அலுவலகத்தில் நுகேகொடையைச் சேர்ந்த சிங்கள நண்பர் ஒருவர் இருந்தார். தேவாலயத்தில் ஓர்கன் வாசிப்பவர். கேட்டவுடன் என்னோடு பொலிஸ் நிலையத்துக்கு வந்தார். அதிகாரி ஒரு தாளை அவரிடம் நீட்டி மேசையில் தட்டச் சொன்னார். பிறகு அதே தாளோடு அடுத்த அறைக்குப் போய் மாஸ்டரைத் தட்ட வைத்தார். சுவருக்கு அப்பாலிருந்து கேட்ட தாளம் ஒத்துத்தான் போனது. ஆனால் இடையிடையே கனத்த ஒலி ஒன்று விழுந்தது. நண்பர் ஒரே கையால் தட்டியிருந்தார்.

"முக்கோணம் இடது கைக்கு," என்றேன்.

"இப்போது யோசித்ததா?" என்றார் திரும்பி வந்த அதிகாரி. அடுத்த அறைக்கு மறுபடி போய் மாஸ்டரிடம் கேட்டுவிட்டு வந்தார். நண்பரை இரு கைகளாலும் தட்டச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

மாஸ்டரை விட்டார்கள். ஆனால் இதையெல்லாம் எப்படி வாசிக்கிறாய் என்று கேட்டு நண்பரின் அடையாள அட்டை இலக்கத்தைக் குறித்துக்கொண்டார்கள். அதன் பிறகு மத்தியானச் சாப்பாட்டுக்கு நண்பர் வேறு மேசையில் உட்கார்ந்தார்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்டர் பெட்டியைக் கட்டினார். "நேரா என்ர அறைக்குத்தான் வந்தவங்கள்," என்றார். பொலிசுக்கு யார் சொன்னது என்று அவர் கேட்கவில்லை. கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜுக்குப் போய், பிறகு கனடா சேர்ந்துவிட்டதாகக் கேள்வி.

போர் முடிந்து பல வருடங்களுக்குப் பிறகு, போன மாதம்தான் அம்மாவிடம் கேட்டேன்: "பொலிசுக்குச் சொன்னது நீங்களோ?"

அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "நீ எண்டுதான் இவ்வளவு காலமும் நான் நினைச்சனான்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.