குரங்கணிப் பாதையில் கிடந்த வேப்பிலை

என் மகளைக் கொன்றது ஒரு கங்காணி. ஏலத்தோட்டத்துக்குக் கூலியாள் சேர்த்து அனுப்புகிறவன். பேரை எழுதவில்லை. போடிநாயக்கனூரில் அவனைத் தெரியாதவர் கிடையாது.

ஆறு வருஷத்துக்கு முந்திய சித்திரை மாசம். கோடை மழை இரண்டு நாள் அடித்து ஓய்ந்திருந்தது. எங்கள் கிணற்று மேட்டில் நின்றாலே மலைச்சரிவில் கொன்றை மஞ்சளாகத் தெரிந்தது. பக்கத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று மகனும் மகளும் பிடித்த பிடியை விடவில்லை. அவனுக்குப் பத்து வயது, அவளுக்கு ஏழு. வயலிலும் வேலை இல்லை. விடியற்காலையில் வண்டி கட்டிக் குரங்கணிக்குப் போனோம்.

மலைப்பாதை தொடங்கும் இடத்தில் கங்காணி நின்றான். பத்திருபது கூலியாட்கள் மேலே ஏறக் காத்திருந்தார்கள். நாங்கள் வந்த காரியத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தான்.

“பூவப் பாக்க மலையேறுற சம்சாரிய இன்னிக்குத்தாண்ணே பாக்குறேன்.”

என் மகள்தான் அதைக் கண்டாள். பாதையோரப் புதருக்குள் வேப்பிலைத் தோரணம் ஒன்று கிடந்தது. மேலே வாந்திபேதி கண்டால், யாரும் ஏறாதபடி பாதைக்குக் குறுக்கே வேப்பிலை கட்டுவது எங்கள் பக்கத்து வழக்கம். இலை வாடவில்லை. கயிறு அரிவாள் பட்டு அறுந்திருந்தது. இது என்ன என்று அவனிடம் கேட்டேன்.

“சாமி கும்பிட்டதுக்குக் கட்டுனதுண்ணே. மேல ஒரு நோய்நொடியும் கிடையாது. வெயிலுக்கு முந்தி வெரசா ஏறுங்க.”

நம்பினேன். இல்லை, அப்படிச் சொன்னால் பொய். முழுசாக நம்பவில்லை. இவ்வளவு தூரம் வந்துவிட்டோமே, பிள்ளைகள் அழுமே என்று ஏறினேன்.

பூவுக்கு ஒரு குறையும் இல்லை. கொன்றைக்கு அடியில் தரையெல்லாம் மஞ்சள். பாறை இடுக்கில் பேர் தெரியாத ஊதாப்பூ. மகள் பாவாடை நிறையப் பறித்தாள். தாகம் என்றார்கள். ஓடைத் தண்ணீரை நானே கையில் அள்ளிக் கொடுத்தேன். மகன் இரண்டு மடக்கோடு போதும் என்றான். மகள் வயிறு நிறையக் குடித்தாள். அந்த ஓடைக்கு மேலேதான் கூலியாட்களின் குடிசைகள் இருந்தன என்று பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் காலையில் அவளுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. பொழுது சாய்வதற்குள் அடக்கம் செய்துவிட்டோம்.

காரியம் முடிந்ததும் குரங்கணிக்குப் போய் விசாரித்தேன். தோரணத்தைக் கட்டியவர் அங்கே மாடு மேய்ப்பவர். மேலே நாலைந்து பேர் செத்த பிறகு கட்டினாராம். அதைப் பார்த்துக் கூலியாட்கள் ஏற மறுத்தார்கள் என்று கங்காணி நாங்கள் போனதற்கு முதல் நாள் இரவே அறுத்தெறிந்தானாம். அன்றைக்கு ஏறியவர்களில் எத்தனை பேர் இறங்கினார்கள் என்று கேட்க நாதியில்லை.

சந்தையில் அவனை மறித்துக் கேட்டேன். வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சொன்னான்.

“ஆயுசு அம்புட்டுத்தாண்ணே. நீங்களுந்தான அந்த வேப்பிலயப் பாத்தீங்க?”

ஆமாம், பார்த்தேன். பார்த்தும் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஏறினேன். அந்தப் பாவம் நான் சாகும்வரை என்னோடு இருக்கும், அதை மறைக்காமல் எழுதிவிட்டேன். இனி அவன் முறை. அவனுக்குப் படிக்கத் தெரியாது, தெரிந்தவர்கள் வாசித்துக் காட்டுங்கள். மேலே சாவு விழுந்தது தெரிந்துதான் எங்களை ஏறச் சொன்னானா? வருகிற சந்தை நாளில், ஊர் கேட்க, அவன் வாயால் சொல்லட்டும்.