அக்கரையில் இரண்டு தெரு

ஊரில் அவருக்கு ‘அளப்பர்’ என்று பெயர். படகுகளுக்குத் தார்ப்பாய் தைப்பது தொழில். கையில் ஊசி ஓடினால் வாயில் கதை ஓடும். ஆறு கடலில் கலக்கும் இடத்தில், இப்போது வெறும் தண்ணீர் கிடக்கும் அக்கரையில், தான் பிறந்த ஊரின் இரண்டு தெருவும் ஒரு பள்ளிக்கூடமும் கலங்கரை விளக்கமும் இருந்ததாகச் சொல்வார். ஒரு புயலில் ஆறு திசை மாறி எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய்விட்டதாம். பிழைத்தவர்கள் திக்குக்கு ஒருவராய்ப் போனதில் சாட்சிக்கு ஆளில்லை. “இன்னிக்கு விளக்கு எத்தனை மாடி?” என்று ஊரார் வாயைக் கிளறிவிட்டுச் சிரிப்பார்கள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு மறுபடி தொடங்குவார்.

மகளுக்குத்தான் மானம் போயிற்று. அவளுக்குக் கல்யாணமான புதிதில் மாமனார் சாப்பிட வந்திருந்தார். பேச்சு எப்படியோ அக்கரைக்குப் போய்விட்டது.

“போதும்ப்பா. இல்லாத ஊரை இன்னும் எத்தனை நாளைக்கு அளந்துக்கிட்டு இருப்பீங்க?” என்றாள்.

மாமனார் விழுந்து விழுந்து சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை, தண்ணீரை எடுத்துக் குடித்தார். அதற்குப் பிறகு அக்கரையைப் பற்றி வாய் திறக்கவே இல்லை. அவளுக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது.

நில அளவை அலுவலகத்தில், கிழிந்த பழைய வரைபடங்களுக்குப் பின்னால் துணி ஒட்டுவது அவள் வேலை. பல வருஷம் கழித்து அவள் ஊரின் படமே கைக்கு வந்தது. அப்பா பிறப்பதற்கும் முன்னால் அளந்தது. மேடு பள்ளம் காட்டும் பழுப்புக் கோடுகள் ஒரு மணல் திட்டைச் சுற்றி வளைந்திருந்தன. திட்டின்மேல் இரண்டு தெரு. ஒரு பள்ளிக்கூடம். முனையில் கலங்கரை விளக்கம். பசை காய்வதுகூடத் தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

நகலெடுத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள். கட்டிலில் விரித்துவைத்து மன்னிப்புக் கேட்டாள்.

“நீ ஏம்மா வருத்தப்படுறே? அது நானே கட்டிவிட்ட கதைதானே,” என்றார் அப்பா.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஊரே சொன்னதை, கடைசியில் மகளும் சொன்னதை, தள்ளாத வயதில் அவரும் நம்பிவிட்டிருந்தார்.

“இல்லப்பா, நீங்க சொன்னது அத்தனையும் இதுல இருக்கு. நம்ம வீடு எதுன்னு மட்டும் காட்டுங்க.”

மகள் மனம் நோகக் கூடாதென்று கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெகுநேரம் தேடினார். பிறகு விரலை ஊன்றினார். தெருவில் அல்ல, நீலத்தில், நட்டாற்றில்.

“ஆமாப்பா, அதேதான்,” என்றாள்.

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. படத்தை அவள் தம்பி சட்டம் போட்டு மாட்டினான். வருகிறவர்களுக்கு அவள் தெருவைக் காட்டுவாள், பள்ளிக்கூடத்தைக் காட்டுவாள். அங்கே யார் யார் குடியிருந்தார்கள் என்று கேட்டால் பதில் வராது. அப்பா வீடு வீடாகச் சொல்லியிருந்தார். அவள்தான் காது கொடுத்துக் கேட்கவில்லை.