அடுப்பு கண்ட ஈரம்

தாவூதுக்கு மூன்று பெண்கள், மகன் கிடையாது. ஆனாலும் எல்லோருக்கும் அவர் அபூ சுலைமான், சுலைமானின் தகப்பன். எங்கள் ஈராக்கில் தாவூது என்று பெயர் வாங்கியவனுக்கு, நபி தாவூதின் மகன் சுலைமான் என்ற கணக்கில், மீசை அரும்பும்போதே இந்தப் பட்டமும் ஒட்டிக்கொள்ளும். பிறக்காத மகனின் பெயரைச் சொன்னால் உடனே திரும்பிப் பார்க்கும் இந்த மனிதர், எங்கள் கல்லூரியின் மண் ஆய்வகத்தில் இருபத்தாறு வருடமாக உதவியாளர்.

அவர் குடும்பத்துத் தொழில் ஜுஸ் சுடுவது. ஜிப்சம் கல்லைச் சூளையில் வேகவைத்துப் பொடித்தால் சுவருக்குப் பூசும் ஜுஸ் கிடைக்கும்; தண்ணீர் பட்டால் இறுகிவிடும். கண்ணெரிச்சலும் இருமலும் தாங்காமல், இனிமேல் ஜுஸ் பக்கமே தலைவைத்துப் படுப்பதில்லை என்று சபதம் செய்துவிட்டுத்தான் அரசாங்க வேலைக்கு வந்தார்.

இங்கே வேலை சுலபம். மண்ணை எடை போடுவார், அடுப்பில் நூற்றுப்பத்து டிகிரியில் ஒரு நாள் வைப்பார், மறுபடி எடை போடுவார். குறைந்த எடைதான் மண்ணில் இருந்த ஈரம். மிச்ச மண்ணை டின்னில் அடைத்து, மெழுகால் மூடி, அழகான கையெழுத்தில் தேதி எழுதி அலமாரியில் ஏற்றுவார். எதையும் எறிந்ததில்லை. இடமில்லை என்று வருஷாவருஷம் அவருக்குத் திட்டு விழும்.

எங்கள் மாணவி ஷதாவின் டாக்டர் பட்ட ஆராய்ச்சி, எங்கள் ஊர் ஜிப்சம் மண்ணைச் சாலைக்கு அடித்தளமாகப் போடலாமா என்பது. கல்லூரிக்குப் பின்னால் பதினான்கு துண்டுச் சாலை போட்டு, மூன்று வருடம் அளந்தாள். களத்தில், வேதிப்பொடியோடு மண்ணைப் போட்டுக் குலுக்கும் குப்பி, ஈரம் இரண்டு சதவீதம் என்றது. அதே மண்ணுக்கு ஆய்வக அடுப்பு பதினொன்று என்றது.

அவளுடைய வழிகாட்டி, பேராசிரியர் முவஃபக்குக்கு அடுப்பின் மேல்தான் நம்பிக்கை. ஷதாவுக்குக் குப்பியைக் குலுக்கத் தெரியவில்லை என்று முடிவு செய்தார். "பதினாலையும் திரும்பப் போடும்மா" என்றார். ஷதாவின் உதவித்தொகை மாதக் கடைசியோடு முடிகிறது. திரும்பப் போடு என்றால் வீட்டுக்குப் போ என்று அர்த்தம்.

அவள் நேரே ஆய்வகத்துக்கு வந்தாள்.

"அபூ சுலைமான், டின்னை மூடாம வச்சிட்டீங்களா?"

"மூடாம வச்சா ஆகஸ்டு மாசத்துல மண்ணு காயுமா, நனையுமா? டாக்டர் பட்டத்துக்குத்தானே படிக்கிறே?"

சொல்லிவிட்டு உளியை எடுத்துக் கழுவுதொட்டியைக் கொத்த ஆரம்பித்தார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் சடங்கு அது.

"என்ன பண்றீங்க?"

"தண்ணி போகல. குழாய் போட்டவன் கை அப்படி."

"பக்கத்துத் தொட்டியும் அவன் போட்டதுதானே? அது அடைக்கலியே?"

"அதுல பச்சை மண்ணு கழுவுவோம். இதுல அடுப்புத் தட்டு மட்டும்தான்..." உளி நின்றது. பெயர்ந்து வந்த வெள்ளைச் சில்லை எடுத்து நகத்தால் கீறினார். முகர்ந்தும் பார்த்தார்.

"என்ன அது?"

"எங்க அப்பன் வாசனை" என்றார். "ஜுஸ்ஸும்மா."

நம்பாமல் பார்த்தாள். அடுப்பில் காய்ந்த மண்ணை எடுத்துப் பாதி குடித்த தேநீரில் கொட்டிக் கலக்கினார். பச்சை மண்ணை வெளியே வெயிலில் காயவைத்து இன்னொரு கண்ணாடிக் குவளையில் கலக்கினாள் அவள். இரண்டிலும் கரண்டி நட்டு வைத்துவிட்டு இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார்கள். மதியத் தொழுகைக்குள் அவள் கரண்டி சேற்றில் சாய்ந்தது. அவருடையது நிமிர்ந்து நின்றது.

அடுப்பு ஈரத்தை மட்டும் விரட்டவில்லை. ஜிப்சம் படிகத்துக்குள் கட்டுண்ட தண்ணீரையும் பிடுங்கி, அதையும் ஈரம் என்று கணக்குக் காட்டியிருக்கிறது. ஜுஸ்ஸைவிட்டு ஓடிவந்த மனிதர் இருபத்தாறு வருடம் அரசாங்கச் சம்பளத்தில் ஜுஸ் சுட்டிருக்கிறார்.

முவஃபக் குவளையை வாங்கிக் கரண்டியை இழுத்தார். வரவில்லை. குவளையைக் கவிழ்த்துப் பார்த்தார். பிறகு சோதனை விதிப் புத்தகத்தை வரவழைத்துப் படித்தார். ஜிப்சம் மண்ணை அறுபது டிகிரிக்கு மேல் காயவைக்கக் கூடாது என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் இருந்தது. புத்தகத்தை நம்புகிற யாரும் அந்தப் பக்கத்தின் அடிவரை போனதில்லை.

"சரி, இப்போ மண்ணுக்கு எங்கே போறது? களத்து மண்ணு மூணு வருஷத்துல மாறிப்போச்சே" என்றார்.

அபூ சுலைமான் அலமாரியைத் திறந்தார். பதினான்கு துண்டுக்கும், முதல் நாள் மண்ணிலிருந்து, மெழுகு கலையாத டின்கள்.

ஐம்பது டிகிரியில் காய்ந்த மண் இரண்டு சதவீதத்தைச் சொன்னது. மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது முவஃபக் ஆய்வேட்டில் கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வில் வெளியூர்ப் பேராசிரியர் நன்றிப் பக்கத்தில் விரலை வைத்துக் கேட்டார்: "அபூ சுலைமானுக்கு முதல் நன்றின்னு எழுதியிருக்கீங்க. அந்த சுலைமானும் இங்கேதான் வேலை பார்க்கிறாரா?"

"இல்ல டாக்டர்" என்றாள் ஷதா. "அவரும் அந்தப் பதினோரு சதவீதம் மாதிரிதான், கணக்குல மட்டும் இருக்கார்."