பால் எடுக்கும் அறையில் நான் சொன்ன ஒரு வார்த்தை

நான்கு வருடங்களுக்கு முன், மாங்காய் சீசன் மும்முரமாக இருந்த நேரத்தில் நடந்தது இது. சித்தூரில் மாம்பழக் கூழ் எடுக்கும் ஃபேக்டரி ஒன்றில் என் கணவருக்கு வேலை. கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. துணைக்குக் கணவரின் அக்கா, என் அண்ணி, வந்திருந்தார்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குழந்தை அழவே இல்லை. மார்பில் போட்டால் இரண்டு வாய் சப்புவாள், உடனே தூங்கிவிடுவாள். பார்க்க வந்தவர்கள் எல்லாம், இப்படி ஒரு சமர்த்துக் குழந்தையைப் பார்த்ததே இல்லை என்றார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை. தூங்குகிற குழந்தையை எதற்கு எழுப்ப வேண்டும் என்று விட்டுவிட்டேன். அவளுடைய இடுப்புத் துணியில் செங்கல் பொடி நிறத்தில் ஒரு கறை தெரிந்தது. உடம்புச் சூடாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் காலையில் குளிப்பாட்டுவதற்காக அண்ணி அவளைத் தூக்கியபோது கை கால் துவண்டு தொங்கியது. உதடு காய்ந்து, உடம்பு அனலாகக் கொதித்தது. சித்தூர் டாக்டர் தொட்டுப் பார்த்ததுமே, இங்கே வேண்டாம், உடனே திருப்பதிக்குப் போங்கள் என்றார். ஃபேக்டரியிலிருந்து ஓடி வந்த கணவர் கூழ் வாசனையடிக்கும் சட்டையோடு ஆம்புலன்ஸில் ஏறினார். வழி முழுக்கக் குழந்தையின் வயிறு ஏறி இறங்குகிறதா என்று மட்டுமே பார்த்துக்கொண்டு வந்தேன்.

திருப்பதி ஆஸ்பத்திரியில் ஒரு பெண் டாக்டர் எடை போட்டுப் பார்த்தார். நேற்றிலிருந்து எத்தனை தடவை சிறுநீர் போனாள் என்று கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் தெலுங்கும் தமிழும் கலந்து மெதுவாகச் சொன்னார்: "புள்ளைக்கு பாலே போகலம்மா. அது தூங்கல. மயங்கிக் கெடந்திருக்கு."

ரத்தத்தில் உப்பு ஏறிவிட்டதாம். அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் இறக்க வேண்டுமாம், வேகமாக இறக்கினால் வலிப்பு வரலாமாம். அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றியது. கணவரும் அண்ணியும் பக்கத்தில் நின்றார்கள். பெற்ற குழந்தையைப் பட்டினி போட்டவள் என்று ஊருக்கே கேட்கும்படி யாரோ சொன்ன மாதிரி இருந்தது எனக்கு.

குழந்தையைக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே வைத்துவிட்டார்கள். அம்மாக்களுக்குத் தனியாக ஒரு ஹால். அதை ஒட்டிப் பால் எடுக்கும் அறை. வேளாவேளைக்கு எல்லோரும் அங்கே உட்கார்ந்து பம்ப் வைத்து எடுத்து நர்ஸிடம் கொடுக்க வேண்டும். எனக்குக் கிண்ணத்தின் அடி ஈரமாகும், அவ்வளவுதான். அதைக் கொடுக்க வெட்கப்பட்டு முந்தானையால் மூடி எடுத்துப் போவேன். ஊரிலிருந்து யார் போன் செய்தாலும் முதல் கேள்வி, பால் இல்லையாமே என்பதுதான். போனை எடுப்பதையே விட்டுவிட்டேன்.

பவுடர் பால் அவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வயிறு உப்பியது. இங்கே தாய்ப்பால் வங்கி இருக்கிறது, வேறு அம்மாக்கள் கொடுக்கும் பாலைச் சுத்தப்படுத்திக் கொடுப்போம், நீங்கள் சரி என்றால் போதும் என்றார் டாக்டர். அண்ணிக்கு மனசு ஒப்பவில்லை.

"யாரு பாலோ, எந்த வூட்டுப் பாலோ. நம்ம புள்ளைக்கு அது வாணாம்மா" என்றார்.

கணவர் என் முகத்தைப் பார்த்தார். நாளைக்குச் சொல்கிறேன் என்று டாக்டரிடம் சொன்னேன். அண்ணிக்குப் பயந்து சொன்னேன் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். உண்மை அது இல்லை. ஊரார் பால் உள்ளே போய்விட்டால் என்னிடம் இல்லை என்பது நிச்சயமாகிவிடும். அதுதான் என் பயம்.

பால் எடுக்கும் அறையில் ஜன்னலோரம் ஒரு பெண் உட்காருவாள். ஊர் பாகாலா பக்கமாம். என்னைவிடச் சின்னவள். யாரோடும் பேச மாட்டாள். அவளுடைய கிண்ணம் நிறைந்து, அடுத்த கிண்ணமும் நிறையும். ரவிக்கை நனைந்து, மேலே போட்ட துண்டும் நனைந்திருக்கும். அவளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பொறாமை எரியும். கடவுள் ஒருத்திக்கு மட்டும் இப்படிக் கொட்டிக் கொடுத்திருக்கிறாரே என்று.

டாக்டரிடம் அப்படிச் சொல்லிவிட்டு வந்த அன்று மத்தியானம் அறையில் நாங்கள் இரண்டு பேர்தான். என் கிண்ணத்தில் ஒன்றுமில்லை. அவள் இரண்டாவது கிண்ணத்தை எடுத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"உனுக்கு இன்னாம்மா கொற" என்றேன். "இவ்ளோ பால் கீது. உன் புள்ள சீக்கிரமா தேறிடும்."

குத்தலாகத்தான் சொன்னேன். அவளுக்கு அது குத்தலாகப் படவில்லையோ என்னவோ. நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"புள்ள நேத்தே பூட்ச்சுக்கா. பால் மட்டும் நிக்க மாட்டுது."

பம்ப் ஓடிக்கொண்டே இருந்தது. ஆபரேஷன் செய்த தையல் ஆறாததால் இன்னும் வீட்டுக்கு அனுப்பவில்லை, மார் கட்டிக்கொண்டு வலிக்கிறது, எடுத்ததைக் கொட்டிவிட மனசு வரவில்லை, அதனால் வங்கிக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன் என்று அவளே சொன்னாள். பிறகு என் கிண்ணத்தைப் பார்த்தாள்.

"உன்னுது பொண்ணாக்கா?" என்று கேட்டாள்.

தலையாட்டினேன். அவள் கையைப் பிடிக்க வேண்டும், மன்னித்துக்கொள் என்று சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். ஆனால் கிண்ணத்தை மூடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு நேராக நர்ஸிடம் போனேன். எனக்குப் பால் வரவில்லை, வங்கிப் பாலைக் கொடுங்கள் என்றேன். அண்ணி ஏதோ சொல்ல வாயெடுத்தார். கணவர் தடுத்துவிட்டார்.

அன்று சாயந்திரம் குழந்தைக்கு அந்தப் பாலைக் குழாய் வழியாகச் செலுத்தினார்கள். அது யாருடைய பால் என்று நானும் கேட்கவில்லை, அவர்களும் சொல்வதில்லை. வயிறு உப்பவில்லை. இரண்டொரு நாளில் அவள் அழுதாள். பசித்து, கை காலை உதைத்து, ஹால் வரைக்கும் கேட்கிற மாதிரி ஓர் அழுகை. அண்ணி கதவுக்கு வெளியே உட்கார்ந்து தானும் அழுதார். எனக்கும் மெல்லப் பால் ஊறியது. வீட்டுக்குக் கிளம்பும்போது ஜன்னலோரம் போய்ப் பார்த்தேன். அவள் எப்போதோ போயிருந்தாள். பெயர்கூடக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

இப்போது என் மகள் அங்கன்வாடிக்குப் போகிறாள், வாய் ஓயாமல் பேசுகிறாள். பால் வரவில்லையே என்று பட்ட வெட்கம் எப்போதோ போய்விட்டது. குழந்தையைப் பறிகொடுத்து ஒருநாள்கூட ஆகாதவளிடம் உனக்கென்ன குறை என்று கேட்டேனே, அந்த வெட்கம் மட்டும் இன்னும் என்னோடு இருக்கிறது, யாருடைய நிறைவையாவது பார்த்துப் பொறாமையில் ஏதாவது சொல்ல வாய் திறக்கும்போதெல்லாம் என்னை நிறுத்துகிறது.