எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சகலை

என் சகலையைக் கண்டால் எனக்கு வயிறு எரியும். இதை மறைத்து எழுதுவதில் பயனில்லை. இருவரும் ஒரே நாளில் பட்டாளத்தில் சேர்ந்து பர்மா எல்லைக்குப் போனவர்கள். திரும்பும்போது அவருக்குச் சட்டையில் பதக்கம், எனக்கு மலேரியா. பிறகு அக்காவை அவரும் தங்கையை நானும் கட்டிக்கொண்டோம். பட்டாளத்துக்காரர்கள் என்ற சலுகையில் இருவருக்கும் வாத்தியார் வேலை கிடைத்தது. நகரிக்குக் கிழக்கே ஒரு கிராமத்தில் நான், ஓடையைத் தாண்டி மூன்று மைலில் அவர். அவருடைய பள்ளிக்கு ஓட்டுக்கூரை. என்னுடையது கீற்றுக் கொட்டகை.

பூகோளம் எனக்குப் பிடித்த பாடம். யுத்தம் முடிந்து ஜெர்மனி இரண்டானது, போலந்து மேற்கே நகர்ந்தது, கொரியாவின் குறுக்கே ஒரு கோடு விழுந்தது, எல்லாவற்றையும் சுவரில் தொங்கிய படத்தில் பென்சிலால் திருத்திக் காட்டுவேன். "ராத்திரி ஒரு நாட்டுல படுத்தவன் காலையில வேற நாட்டுல எழுந்திருப்பான்" என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

ஆந்திர ராஜ்யம் பிறப்பதற்கு முன்பே ஜனத்தொகைக் கணக்கு எடுக்க வந்தார்கள். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வந்தவர் எந்தப் பாஷையில் பேசுகிறாரோ அதில்தான் பதில் சொல்லுவோம். அதுதான் மரியாதை. வந்தவர் தெலுங்கில் பேசினார். வீட்டில் தமிழ் பேசும் எங்கள் தெரு முழுக்கத் தெலுங்கில் பதில் சொன்னது. தாய்மொழி தெலுங்கா, தமிழா என்று அவர் ஒழுங்காகத்தான் கேட்டார். "ஏதைனா ஒகட்டே, ராசுக்கோண்டி" என்றேன். எதுவானாலும் ஒன்றுதான், எழுதிக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். வாத்தியாரே அப்படிச் சொன்னதைக் கேட்டு மற்றவர்களும் அதையே சொன்னார்கள். எல்லாருக்கும் தெலுங்கு என்றே எழுதிக்கொண்டு போனார். ஓடைக்கு அந்தப் பக்கம் என் சகலை, ஒவ்வொரு வீட்டிலும் கூடவே நின்று, தமிழ் என்று எழுதிய பிறகுதான் ஆளை நகரவிட்டாராம். கேள்விப்பட்டபோது, இந்த மனிதருக்கு எதற்கெடுத்தாலும் வீம்பு என்று சிரித்தேன்.

பல வருஷம் கழித்து இரண்டு ராஜ்யங்களும் எல்லையைப் பேசித் தீர்த்தபோது அந்தக் கணக்கைத்தான் கிராமம் கிராமமாக எடுத்து வைத்துக்கொண்டார்கள். அவர் ஊர் திருத்தணியோடு மதராஸ் பக்கம் போனது. என் ஊர் சித்தூர் ஜில்லாவோடு ஆந்திராவிலேயே நின்றது. என் பள்ளியில் தமிழ் ஏற்கெனவே நின்றுபோயிருந்தது. எனக்கு இரண்டும் வரும், வேலைக்குக் குறைவில்லை. ஆனால் என் ஒரே மகளுக்கு அப்போதுதான் பள்ளிக்கூட வயது.

சகலை அடுத்த வாரமே சைக்கிளில் வந்து இறங்கினார்.

"இன்னா சகல, கொயந்தய எங்கூட்டுல உடு. எம் பொண்ணுகூட தமிழ் இஸ்கோலுக்குப் போய்க்கினு இருக்கட்டும். ஞாயித்துக்கெயம நானே கொணாந்து உட்டுர்றேன்."

உள்ளே என் மகள் இரண்டு பாவாடைகளை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். என் மனைவி என் முகத்தையே பார்த்தாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் ஒன்றுதான். ஓட்டுக்கூரை அவருக்கு, பதக்கம் அவருக்கு, மதராஸ் அவருக்கு, இனி என் மகளும் பெரியப்பா பெரியப்பா என்று அவர் பின்னால் போவாளா?

"எம் பொண்ண படிக்க வெக்க எனக்குத் தெரியும்" என்றேன்.

அவர் காப்பியைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார். எழுத்தாவது சொல்லிக்கொடுங்கள் என்று மனைவி ஒரு வருஷம் கேட்டாள். தமிழ் எழுத்தைக் கற்றுக்கொடுக்க எனக்கு எத்தனை நாள் பிடித்திருக்கும்? கொடுத்தால் சகலை சொன்னது சரி என்றாகிவிடும் என்று நானும் கொடுக்கவில்லை, அவளையும் கொடுக்கவிடவில்லை.

மகள் தெலுங்கில் படித்தாள், நன்றாகவே படித்தாள். திருப்பதியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை கிடைத்தது. மாதம் ஒரு கடிதம் வரும், அம்மாவுக்கு, தெலுங்கில். மனைவிக்குத் தமிழ் எழுத்து மட்டும்தான் தெரியும். நான் படித்துத் தமிழில் சொல்வேன். அவள் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து எதிரில் உட்கார்ந்து கேட்பாள். உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்குப் பெருமையாக இருக்கும்.

ஒரு மாதம் உறைக்குள் இரண்டு தாள் இருந்தது. இரண்டாவதைத் தனியாக மடித்து ஒட்டி, மேலே ஒரு வரி எழுதியிருந்தாள்.

"இன்னா எய்தினுக்குது?" என்றாள் மனைவி.

பொய் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. "அம்மாவுக்கு மட்டும். பக்கத்து வீட்டு அக்கா படித்துச் சொல்லட்டும்" என்று இருந்ததைப் படித்தேன்.

மனைவி கையை நீட்டினாள், கொடுத்தேன். "எங்க அக்கா பொண்ணு எய்தறத எங்க அக்காவே படிச்சிக்கிறா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்து வீட்டில் பிற்பாடு குடிவந்திருந்த, தமிழும் பேசும் தெலுங்குக்கார அம்மாளிடம் போனாள். கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது. வெகுநேரம் அவள் வரவில்லை. அந்தத் தெலுங்குக்கார அம்மாள்மேல் அன்றைக்கு எனக்கு வந்த பொறாமை, சகலைமேல்கூட ஒருநாளும் வந்ததில்லை.